காக்கா குருவி பார்க்கப் போனவனின் கணக்கு

“உன்னை அங்கே படிக்க அனுப்பினோமா, காக்கா குருவி பாக்க அனுப்பினோமா?” போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கேட்டது. காமர்ஸ் படிக்க வந்த பையன், இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வெளியே ஒரு வயல்காட்டில், காலை ஏழு மணிக்கு கழுத்தில் பைனாகுலரோடு நிற்கிறான் என்றால் எந்த அம்மாவும் இப்படித்தான் கேட்பார். கூடப் படிக்கிற மகாஜனங்களும் இதையே வேறு வார்த்தைகளில் (அச்சில் ஏற்ற முடியாதவை) கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில், இதோ.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கிறுக்கு பிடித்த புதிதில் நானும் அபூர்வப் பறவையைத் துரத்துகிற கோஷ்டியில்தான் இருந்தேன். ட்விட்சர் என்று இங்கே அவர்களுக்குப் பெயர். எங்காவது ஒரு அரிய பறவை இறங்கியதாகச் சேதி வந்தால் போதும், காரை எடுத்துவிடுவார்கள். போன வருடம் அக்டோபரில் நானும் ஒரு நண்பனும் பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு நார்ஃபோக் கடற்கரைக்குப் போனோம். மஞ்சள் புருவக் கதிர்க்குருவி. ஆறு கிராம் எடை. சைபீரியாவில் பிறந்து, குளிர்காலத்துக்குத் தென்கிழக்கு ஆசியா போகவேண்டிய இனம். அதில் சில வருடாவருடம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வந்து இறங்குகின்றன.

மூன்று மணி நேரம் ஓட்டிப் போனால், ஒரு புதரைச் சுற்றி நாற்பது பேர், முக்காலி டெலஸ்கோப் சகிதம். நடுவில் குருவி மட்டும் இல்லை. ராத்திரியே கிளம்பிவிட்டதாம். “மச்சான், இதுக்கு நாம தூங்கியிருக்கலாம்” என்றான் நண்பன். நியாயம்தான்.

அதற்குப் பிறகு என் எல்லையைச் சுருக்கிக்கொண்டேன். நான் தங்கியிருக்கிற வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால், வயல்களுக்கு நடுவே ஒரு பொதுவழிப் பாதை. கூடவே ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு உயிர்வேலி. பெரும்பாலும் ஹாதார்ன் என்கிற முள்மரம்தான். அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். அங்கே தினமும் நாயோடு வரும் ஒரு பெரியவர் இருபது வருடத்துக்கும் மேலாகக் குறிப்பு எழுதுகிறார். “அபூர்வமா ஏதாவது பார்த்திருக்கீங்களா?” என்று ஆசையாகக் கேட்டேன். “பெருசா ஒண்ணுமில்லை. ஆனா எது குறையுதுன்னு எனக்குத் தெரியும்” என்றார். அன்று முதல் நானும் ஒரு நோட்டு போட்டேன்.

இலையுதிர்காலத்தில் இந்தச் சாதாரணப் பாதையில் நடப்பதைக் கேளுங்கள். செப்டம்பரில் தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். ஒருநாள் அறுபது இருக்கும், மறுநாள் கம்பி வெறிச்சென்று கிடக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் செல்போர்ன் கிராமத்தில் இருந்து பறவைகளை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கில்பர்ட் வைட் பாதிரியாருக்கே, இவற்றில் சில எங்கோ ஒளிந்து குளிர்காலம் முழுக்கத் தூங்குகின்றனவோ என்ற சந்தேகம் கடைசிவரை இருந்தது. 1911 மே மாதம் ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஒருவர் தன் வீட்டில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டிவிட்டார். 1912 டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நடாலில் கிடைத்தது. ரகசியம் உடைந்தது வீட்டு வாசலில் இருந்த ஒரு சாதாரணப் பறவையால்தான், கவனிக்க.

அவை போனால் அக்டோபரில் வடக்கிலிருந்து வேறு கூட்டம் வரும். ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் என்ற இரண்டு வகைப் பூங்குருவிகள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வடகடலை ராத்திரியில் தாண்டி வருபவை. அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னலைத் திறந்தால், இருட்டில் தலைக்கு மேலே ரெட்விங்கின் “சீஈஈப்” கேட்கும். வந்து இறங்கியதும் அவற்றுக்கு முக்கியமான சாப்பாடு உயிர்வேலியில் இருக்கும் சிவப்புப் பழங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் செப்டம்பர் இரண்டாம் வாரம் ஒரு டிராக்டர் வந்து என் ஒன்றரை கிலோமீட்டர் வேலியையும் ஒட்ட மொட்டை அடித்துவிட்டுப் போனது. பழமெல்லாம் தரையில் கூழ். அக்டோபர் கடைசி ஞாயிறு போன வருடம் அங்கே நான் எண்ணியது 140 ரெட்விங். இந்த வருடம் 11. ஒரு வருடக் கணக்கை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது என்று புள்ளியியல் வகுப்பில் படித்திருக்கிறேன். வேறு இடத்தில் பழம் அதிகமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இந்த வேலியில் பழம் பூஜ்யம் என்பதற்கு எந்தப் புள்ளியியலும் வேண்டாம்.

சட்டப்படி இதில் தப்பில்லை. 2024-ல் வந்த இங்கிலாந்து விதிப்படி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரைதான், சில விலக்குகள் போக, வேலி வெட்டத் தடை. கூடு கட்டும் பறவைக்குப் பாதுகாப்பு உண்டு, வலசை வரும் பறவையின் சாப்பாட்டுக்கு இல்லை. அந்த விவசாயியிடம் போய்ப் பேசினேன். கோபமாகப் போனவன் பாதிக் கோபத்தோடு திரும்பினேன். ஜனவரியில் மண் சொதசொதவென்று இருக்கும், டிராக்டர் புதையும். இலையுதிர்காலத்தில் கோதுமை விதைத்துவிட்டால் வேலி ஓரம் வண்டி போக முடியாது. அவர் கஷ்டம் நிஜம். ஆனால் பாதைப் பக்கம் பயிர் இல்லையே, அந்தப் பக்கத்தையாவது பிப்ரவரி வரை விடலாமே? எல்லா வேலியையும் வருடாவருடம் வெட்டாமல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை முறை வைத்து வெட்டலாமே? ஹாதார்ன் முந்தின வருடக் கிளையில்தான் பூக்கும். வருடாவருடம் மொட்டை அடித்தால் பழமே பிடிக்காது. “பார்க்கலாம்” என்றார். என் பேச்சைவிட அவரை யோசிக்க வைத்தது, பெரியவரின் இருபது வருட நோட்டுதான்.

என் கட்சி இதுதான். நார்ஃபோக்கில் அந்தப் புதரைச் சுற்றி நின்ற நாற்பது பேரில் ஒருவர் தன் வீட்டுப் பின்னால் உள்ள வேலியை தினமும் பார்த்தாலும், அந்த வேலிக்கு ஒரு சாட்சி கிடைக்கும். பிரிட்டனில் வயல்வெளிப் பறவைகள் 1970-லிருந்து பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன என்று நமக்குத் தெரிவதே, சாதாரணப் பறவைகளைச் சலிக்காமல் எண்ணியவர்களால்தான். அபூர்வத்தைத் துரத்துவது ஜாலி, தப்பென்று சொல்லவில்லை. ஆனால் துரத்துகிறவன் ஒரு இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எது காணாமல் போனது என்பது திரும்பத் திரும்பப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

காமர்ஸ் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வியாபாரமே நடக்காவிட்டாலும் ‘நில் ரிட்டர்ன்’ தாக்கல் செய்ய வேண்டுமில்லையா? அதேதான். ஒன்றுமே பார்க்காத நாளையும் தேதி போட்டு எழுதுங்கள். பேர்ட்ட்ராக் என்ற இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள், ஆராய்ச்சிக்குப் போகும்.

அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். “சரி, காதுல மப்ளர் கட்டிக்கிட்டுப் போ” என்றார்.

டிஸ்கி: வேலி ஓரம் வரும் சனிக்கிழமை காலை ஏழு மணி. வருகிறவர்களுக்கு பிளாஸ்கில் டீ உண்டு. அபூர்வப் பறவைக்கு கேரண்டி கிடையாது :-)