வீட்டைக் கொடுத்துவிட்டு வாடகையை வைத்துக்கொள்ள முடியாது

இங்கிலாந்தில் ஒரு வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு மாற்ற சொலிசிற்றர் கட்டாயமில்லை. காணிப் பதிவகத்தின் இணையத்தளத்தில் டிஆர்1 படிவத்தை எடுத்து, மூன்றாம் ஆள் ஒருவரின் சாட்சியோடு ஒப்பமிட்டு, ஏபி1 விண்ணப்பத்தையும் அடையாளத்துக்கான ஐடி1 படிவத்தையும் கட்டணத்தையும் சேர்த்து அனுப்பினால் பெயர் மாறிவிடும். ஐடி1 படிவத்தில் 'இவர் இவர்தான்' என்று உறுதிப்படுத்தப் பெரும்பாலும் ஒரு சொலிசிற்றரிடமே போக வேண்டிவரும் என்பது இதிலுள்ள சின்ன வேடிக்கை. மற்றபடி ஆறுதலாக வாசித்து நிரப்பக்கூடிய தாள்கள்தான். ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் தொண்ணூறுகளில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டு, இன்று எழுபதைத் தொட்டு நிற்கும் தமிழ்ப் பெற்றோர், இந்தத் தாள்களுக்காக ஏன் ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் பணம் பறிபோகும் வழி சொலிசிற்றரின் கட்டணம் அல்ல. ஊர் வழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வீட்டைக் கொடுப்பதுதான்.

ஊரில், அதாவது இலங்கையில், காணியை வெறுங்கடிதத்தால் கொடுக்க முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசையும் இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது. அந்த நொத்தாரிசு எழுதும் நன்கொடை உறுதியில், கொடுப்பவர் தம் சீவிய உருத்தை வைத்துக்கொள்வதாக ஒரு வரி சேர்ப்பது நம்மிடையே பழகிப்போன ஒன்று. பெயர் மகளுக்கு, கண் மூடும்வரை இருப்பும் வருமானமும் தாய் தகப்பனுக்கு. பிள்ளை நன்றி கெட்டு நடந்தால், மீளப்பெற முடியாதது என்று எழுதிய உறுதியைக்கூட நீதிமன்றத்தின் மூலம் ரத்துச் செய்விக்கலாம். அதற்கென்றே 2017இல் இலங்கை ஒரு சட்டம் இயற்றியது. பெற்றோருக்குக் காப்பும் பிள்ளைக்கு உரிமையும் ஒரே உறுதியில் கிடைத்துவிடுகின்றன. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. லண்டன் வீட்டையும் இப்படியே கொடுத்துவிடலாம் என்று நம்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பிள்ளையின் நன்றியீனத்தைக் காட்டி இங்கே கொடையை மீட்க வழியில்லை. வருமானத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு கொடுப்பதையோ வரிச் சட்டம் கொடையாகவே மதிப்பதில்லை.

1986ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு சொத்தைக் கொடுத்த பிறகும் அதன் பயனைக் கொடுத்தவரே அனுபவித்தால், அவர் இறக்கும்போது அந்தச் சொத்து அவருடையதாகவே கணக்கிடப்படும். கொடுத்து ஏழு வருடம் தப்பிவிட்டால் வாரிசுரிமை வரி இல்லை என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொள்கிறோமே, அந்த ஏழு வருடக் கணக்கு இங்கே ஓடத் தொடங்குவதே இல்லை. வீடு மகனின் பெயரில், வாடகை அப்பாவின் வங்கிக் கணக்கில் என்றால், இருபது வருடம் கழித்து அப்பா இறந்தாலும் வீடு அவர் சொத்தோடு சேரும், அதுவும் இறந்த நாளின் மதிப்பில்.

இது பாதிதான். மூலதன ஆதாய வரி இன்னொரு பக்கம் காத்திருக்கிறது. பிள்ளைக்கு ஒரு சதமும் வாங்காமல் கொடுத்தாலும், சந்தை விலைக்கு விற்றதாகவே அந்த வரி பார்க்கும். 1,50,000 பவுணுக்கு வாங்கி இன்று 4,50,000 பெறும் வாடகை வீடு ஒன்று அப்பாவின் பெயரில் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆதாயம் 3,00,000. வருடத்துக்கு 3,000 பவுண் விலக்குண்டு. மிச்சத்துக்கு, அவருடைய வருமானத்தைப் பொறுத்து 18 வீதமும் 24 வீதமும். இத்தனை பெரிய ஆதாயத்தில் பெரும்பகுதி 24க்குள் விழும். வரி ஏறத்தாழ 70,000 பவுண். கையில் ஒரு காசும் வராத கைமாற்றத்துக்கு 60 நாட்களுக்குள் அறிவித்துக் கட்ட வேண்டிய தொகை இது. அதே வீட்டை அவர் இறக்கும்வரை தம் பெயரில் வைத்திருந்தால், அந்த 3,00,000 ஆதாயத்துக்கு எவரும் இந்த வரியைக் கட்ட வேண்டியதில்லை. வாரிசின் கைக்கு வரும்போது வீட்டின் அடக்கவிலை அன்றைய மதிப்பாக உயர்ந்துவிடும்.

வாரிசுரிமை வரி 40 வீதம் ஆயிற்றே, அதைவிட 24 மேல் அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த 40 வீதம் பெரிய பணக்காரரையும் சில நடுத்தரக் குடும்பங்களையும் நிச்சயமாகத் தொடுகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் முதல் 3,25,000 பவுணுக்கு வரியில்லை. தாம் குடியிருந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டால் அதன் மேல் 1,75,000. கணவன் மனைவியில் ஒருவர் பயன்படுத்தாததை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். ஆக ஒரு தம்பதியினர் 10 லட்சம் பவுண் வரை வரியில்லாமல் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல முடியும். குடியிருக்கும் வீடு 5,50,000, வாடகை வீடு 4,50,000 என்று வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் முதலில் ஒருவருக்கொருவரும் பிறகு பிள்ளைகளுக்கும் விட்டால், வரி சுழியம். வராத வரிக்குப் பயந்து 70,000 பவுணை இப்போதே கட்டுகிறார்கள். வாடகையையும் தாமே வாங்கிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்: ஆதாய வரியைக் கட்டியாயிற்று, வீடோ அவர்கள் கணக்கில்தான் இன்னும் இருக்கிறது, இறக்கும்போது உயரவேண்டிய அடக்கவிலையும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. எண்ணிப் பார்த்தால் இதைவிட விலைகூடிய பாசம் கிடையாது.

பெயர் பிள்ளைக்கு, வாடகை காசாகக் கையில், யாருக்குத் தெரியப்போகிறது என்பவர்களும் உண்டு. இறந்தவரின் சொத்துக்குக் கணக்குக் காட்டும்போது, வரி கட்டவேண்டிய அளவுச் சொத்தானால், கொடுத்த கொடைகளையும் அவற்றில் வைத்துக்கொண்ட பயன்களையும் படிவம் நேரடியாகவே கேட்கும். அதில் ஒப்பமிடப்போவது நிறைவேற்றுநராக இருக்கும் பிள்ளைதான். பொய்க்கு விலை கொடுக்கப்போவதும் அவர்தான்.

சொலிசிற்றருக்குக் காசு கொடுத்தாலும் இதெல்லாம் சொல்வார்களா என்பது வலுவான ஆட்சேபம். உண்மையில் பலர் சொல்வதில்லை. வீட்டுக் கைமாற்றம் செய்யும் அலுவலகங்களின் ஒப்பந்தக் கடிதங்களில், வரி பற்றிய ஆலோசனை எங்கள் வேலையில் அடங்காது என்று ஒரு பந்தி இருப்பது வழமை. எனவே சொலிசிற்றரை வைத்தால் எல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. படிவத்தை நீங்களே நிரப்புங்கள். மிச்சம்பிடித்த காசில், கொடுக்கத் தீர்மானிக்கும் முன்பே, வரி ஆலோசகர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் இருந்து கணக்குப் பார்த்துவிடுங்கள். டிஆர்1 படிவம் காணிப் பதிவகத்துக்குப் போன பிறகு அவரிடம் போய்ப் பயன் கொஞ்சம்தான்.

சொலிசிற்றர் உண்மையில் தேவைப்படும் இடம் வேறொன்று. அதைப் பற்றி நம்மவர் பேசுவதே இல்லை. மூன்று பிள்ளைகளில் ஒருவரோடு வசிக்கும் தாய், அவரையே நம்பி, அவர் நிரப்பிக் கொடுத்த தாளில் ஒப்பமிட்டு வீட்டைக் கொடுக்கிறார். தாயின் மறைவுக்குப் பிறகு மற்ற இருவரும் நீதிமன்றம் போகலாம். நம்பித் தங்கியிருந்தவர் ஒருவர், விளக்கம் தேவைப்படும் அளவுக்குப் பெரிய கொடையைச் செய்திருந்தால், அதில் தகாத செல்வாக்கு இருந்ததாகவே ஆங்கிலேய நீதிமன்றங்கள் ஊகிக்கத் தொடங்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு வாங்கியவருடையது. அப்போது அவர் கையிலிருக்கக்கூடிய வலுவான சான்று, தாய் தனியாக ஒரு சொலிசிற்றரைக் கண்டு, எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு கொடுத்தார் என்ற பதிவு. சொலிசிற்றர் இல்லாமல் கொடுத்த கொடையில் இந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. மிச்சம்பிடித்த ஆயிரம் பவுண் பிள்ளைகளுக்கிடையில் வழக்காக வளரும் இடம் இதுதான்.

வாடகையில்லாமல் பெற்றோர் எப்படிச் சீவிப்பது? ஓய்வூதியம் போதாத வீடுகளில் அந்த வாடகைதான் மருந்துக்கும் ஊர்ப் பயணத்துக்கும். அப்படியானால் வீட்டைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒழுங்கான உயில் போதும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் பாதிப் பங்கைக் கொடுத்து, தம் பாதிக்குரிய வாடகையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கொடுத்த பாதிக்கு ஆதாய வரி உண்டு என்பதை மறக்கக் கூடாது. வாடகை இடம் மாறும்போது வருமான வரியும் மாறும். 20 வீதம் கட்டிய அப்பாவிடமிருந்து 40 வீதம் கட்டும் மகளிடம் போனால் அரசாங்கத்துக்குத்தான் கொண்டாட்டம். மகளின் மணமுறிவும் மகனின் கடனும் கொடுத்த வீட்டைத் தேடிவரும் என்பதையும் ஊர்ப் பாசத்தில் யாரும் எண்ணுவதில்லை.

வீட்டின் மேல் கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் சம்மதமில்லாமல் நகர முடியாது. அந்தக் கடனைப் பிள்ளை ஏற்றால், ஏற்ற தொகையே வீட்டின் விலையாகக் கொள்ளப்பட்டு முத்திரை வரி வரும். ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருக்கும் பிள்ளை 2,00,000 பவுண் கடனை ஏற்றால், இப்போதைய வீதத்தில் 11,500. கடைசியாக, உள்ளே குடியிருப்பவர்கள். புதிய உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு அடுத்த வாடகை நாள் அல்லது இரண்டு மாதம், எது பிந்தியதோ அதுவரை அவகாசம் தருகிறது. வைப்புப் பணமும் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளையின் பெயருக்கு மாற வேண்டும். அந்த அறிவித்தல் போகும்வரை, ஒழுகும் கூரைக்கும் பழுதான கொதிகலனுக்கும் வீட்டைக் கொடுத்துவிட்ட அப்பாவும் சேர்ந்தே பொறுப்பு.