ஸ்கேன் சரி என்பதோடு முடிந்துவிடவில்லை: லேசான தலைக்காயத்துக்குப் பிந்தைய அறிதிறன் பரிசோதனை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கேள்வியும் எங்கள் பதிலும்

விபத்தில் தலையில் அடிபடுகிறது. சிறிது நேரம் மயக்கமோ குழப்பமோ இருந்து தெளிகிறது. சி.டி. ஸ்கேனில் கோளாறு எதுவும் இல்லை. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். இப்படி அனுப்பப்பட்டவரின் நினைவாற்றல், கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றைப் பிறகு சோதிக்க வேண்டுமா? வேண்டுமென்றால் யார், எப்போது, எதைக் கொண்டு சோதிப்பது?

தலைக்காயம் பட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் துணைநிற்க மீமிசல் வட்டாரத்தில் இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. கட்டாயம் சோதிக்க வேண்டும். குறைந்தது இரண்டு முறை சோதிக்க வேண்டும். சோதனை தமிழில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் பொருந்த வேண்டும். வீட்டாரின் பேச்சுக்கும் அதில் இடம் வேண்டும். அதற்கான அளவுகோலை நம் மக்களிடையே ஆய்வு செய்துதான் உருவாக்க முடியும். அந்த ஆய்வு முடியும்வரை, வெறும் மதிப்பெண்ணை வைத்து ஒருவரை நலமானவர் என்றோ மூளை பாதிக்கப்பட்டவர் என்றோ தீர்ப்பெழுதக் கூடாது.

49-வது மணி நேரம்

கிழக்குக் கடற்கரைச் சாலை மீமிசல் வழியாகத்தான் போகிறது. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் மீன் ஏற்றிய வண்டிகள், இறால் பண்ணை வேலைக்குப் போகும் இருசக்கர வண்டிகள், தொலைதூரப் பேருந்துகள் எல்லாம் ஓடுவது இந்த ஒரே சாலையில். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிக எண்ணிக்கை. அவற்றில் 17,884 பேர் இறந்தார்கள். இந்தியாவில் தலைக்காயங்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு சாலை விபத்துகளால் வருபவை என்பதைப் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தின் ஜி. குருராஜ் எடுத்துக்காட்டினார். மரத்திலிருந்து விழுபவர்களும் படகுத் தளத்தில் வழுக்கி விழுபவர்களும் மீதிக் கணக்கில் வருகிறார்கள். வீட்டுக்குள் அடிபட்டு, வெளியில் சொல்லாமல் இருக்கும் பெண்களும் உண்டு.

உயிரைக் காப்பாற்றுவதில் தமிழ்நாடு நல்ல பாதை போட்டிருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. இதை மனதார வரவேற்கிறோம். எங்கள் கவலை 49-வது மணி நேரத்தில் தொடங்குகிறது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை.

'லேசான' என்றால் என்ன

1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த கோமா அளவுகோலில் 3 முதல் 15 வரை மதிப்பெண் உண்டு. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றையும் பார்த்துப் போடுவது அது. 13 முதல் 15 வரை என்றால் 'லேசான காயம்'. நினைவு எவ்வளவு தப்பியிருக்கிறது என்பதைக் காட்டவே அது பிறந்தது. ஆறு மாதம் கழித்து ஒருவர் தன் கடைக் கணக்கைப் பார்க்க முடியுமா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் அது நன்றாகக் காட்டும். நரம்பு இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம் பெரும்பாலும் அதில் தெரியாது.

அமெரிக்காவின் 11 விபத்து சிகிச்சை மையங்களில் நடந்த 'டிராக்-டிபிஐ' ஆய்வு 2019-ல் ஒரு முடிவை வெளியிட்டது. லேசான மூளைக்காயம் என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு தடையைச் சொன்னார்கள். தலையில் அடிபடாமல் கை கால் எலும்புக் காயத்தோடு வந்தவர்களில் இது 38 விழுக்காடு. இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். விபத்துக்குப் பிந்தைய துன்பம் எல்லாவற்றையும் மூளையின் தலையில் கட்ட முடியாது. வலி, தூக்கமின்மை, பயம், கடன் சுமை எல்லாமே கவனத்தைக் குலைக்கும். ஆனாலும் இரு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் புறந்தள்ள முடியாது. கோமா மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நோயாளியின் வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றையும் சேர்த்து வகைப்படுத்தும் புதிய முறையை 2025-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் பன்னாட்டு வல்லுநர் குழு முன்வைத்திருப்பதும் இதனால்தான்.

இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. லேசான காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். என்ன தொந்தரவு வரலாம், எப்போது சரியாகும் என்று முதல் வாரத்திலேயே எடுத்துச் சொல்லப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் தொந்தரவுகள் குறைவாக இருந்தன என்று ஆஸ்திரேலியாவில் ஜெனி பான்ஸ்ஃபோர்டு குழு 2002-ல் காட்டியது. ஒரு சிறு கையேடு செய்த வேலை அது. தமிழில் அச்சடித்துக் கொடுக்கப் பெரிய செலவாகாது.

மதிப்பெண் எங்கே தவறுகிறது

இப்போது புழக்கத்தில் உள்ள கருவிகளில் முக்கியமானவை இரண்டு: 1975-ல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-ல் வந்த மோக்கா எனும் மாண்ட்ரியல் அறிதிறன் மதிப்பீடு. இரண்டும் 30 மதிப்பெண் சோதனைகள். இரண்டும் விபத்தில் அடிபட்ட இளைஞர்களுக்காக உருவானவை அல்ல. மோக்காவின் நோக்கம் முதியவர்களின் தொடக்கநிலை மறதியைக் கண்டுபிடிப்பது. அதில் 26-க்குக் குறைந்தால் சந்தேகம். படிப்பு 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளி வாசலை மிதிக்காதவருக்கும் பிளஸ் டூ முடித்தவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான்.

இதை ஒரு மேசைக்கு அருகிலிருந்து பார்த்தால் புரியும். கடலில் நீரோட்டம் பார்த்து வலை விடத் தெரிந்த, ஏலத்தில் மீன் விலையை மனக்கணக்காகப் போடுகிற ஒருவர் கையில் பென்சிலைக் கொடுத்து, ஒரு கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொல்கிறோம். பென்சில் பிடித்தே பழகாத கை. கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை. அடுத்து கடிகாரம் வரையச் சொல்கிறோம். எண்கள் ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. மதிப்பெண் மளமளவென்று குறைகிறது. அதில் காயத்தின் பங்கு எவ்வளவு, எழுத்துப் பழக்கம் இல்லாததன் பங்கு எவ்வளவு என்று அந்தத் தாள் சொல்லாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அடிபட்ட ஆசிரியை அதே சோதனையில் 28 வாங்குகிறார். அமைதியான அறையில் பத்து நிமிடம் சமாளித்துவிட்டார். ஆனால் நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே பாடத்தின் நூலை அவரால் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. மதியத்துக்குள் தலைவலி, மாலையில் எரிச்சல். வீட்டார் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "நல்லாத்தான் இருக்காங்க, ஆனா பழைய ஆளு இல்ல. சொன்னதையே மறுபடி கேக்குறாங்க, சட்டுன்னு கோவம் வருது." இதுவும் மருத்துவத் தகவல்தான். அதைக் கேட்டுப் பதிவுசெய்யும் முறையே அந்தத் தாளில் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. நிமான்ஸ் 2004-ல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு வயது, பாலினம், படிப்பு வாரியாக அளவுகளைத் தருகிறது. எழுத்தறிவு இல்லாதவர்களுக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு. ஆனால் அது பயிற்சி பெற்ற உளவியலாளர் நீண்ட நேரம் உட்கார்ந்து செய்யும் முழு மதிப்பீடு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான முதற்கட்டச் சோதனை அல்ல. முதியோர் மறதி குறித்த 10/66 ஆய்வில் சென்னையும் வேலூரும் இடம்பெற்றன. படிப்பு குறைந்தவர்களிடம் கேட்கும் கேள்விகளோடு வீட்டாரின் வாக்கையும் சேர்த்துக் கணக்கிடும் முறை தமிழ் மண்ணிலேயே செயல்பட்டிருக்கிறது. மறுபுறம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மொழிகளுக்காகத் தயாரித்த அறிதிறன் கருவித் தொகுப்பு முதலில் இந்தி, வங்கம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. தமிழ் அதில் இல்லை. அந்தத் தொகுப்பும் பக்கவாதம், முதுமை மறதி ஆகியவற்றை மனதில் வைத்தே உருவானது.

நாங்கள் கோருவது

1. தலையில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு தாள் தர வேண்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

2. இரண்டு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மறுபரிசோதனை வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்த மாத்திரை தருகிறார்கள். தலைக்காயம் பட்டவர் வீட்டில் ஐந்தாறு கேள்விகள் கேட்கவும் அவர்களுக்குப் பயிற்சி தரலாம். சந்தேகம் இருப்பவர்களை அறந்தாங்கிக்கோ, 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பலாம்.

3. முதியவர்களுக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த மறுபரிசோதனை உயிர்காக்கும் வேலை. மூளைமேல் மெதுவாகச் சேரும் இரத்தக்கட்டு சில வாரம் கழித்து மறதியாகவும் தள்ளாட்டமாகவும் வெளிப்படலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் பார்த்தால், அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகக்கூடியது அது.

4. தமிழில் ஓர் அறிதிறன் முதற்கட்டச் சோதனைக்கான ஆய்வை மாநில அரசு நிதி தந்து நடத்த வேண்டும். மீனவர், விவசாயக் கூலி, இல்லத்தரசி, மாணவர் எனப் பலரையும் அதில் சேர்க்க வேண்டும். கை கால் மட்டும் அடிபட்டவர்களையும், அடிபடாத உள்ளூர்க்காரர்களையும் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். ஒரே தாளை மறுபடி கொடுத்தால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும் என்பதால் மாற்று வடிவங்கள் தேவை. எம்.எம்.எஸ்.இ. போல உரிமைக் கட்டணம் கேட்காமல் எல்லா மருத்துவமனைக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

5. மது வாசனை இருந்தால் குழப்பத்துக்கெல்லாம் போதையே காரணம் என்று முடிவு செய்யக் கூடாது. தெளிந்த பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். பெண்களிடம் எப்படி அடிபட்டது என்பதைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும்.

மதிப்பெண் ஆயுதமாகக் கூடாது

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டில் உடல் ஊனத்தின் விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், அந்தக் காயம் அவருடைய தொழிலையும் வருமானத்தையும் எப்படிப் பாதித்தது என்று பார்க்க வேண்டும் என்பது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. தலைக்காயத்துக்கும் இதே நெறி பொருந்த வேண்டும். பத்து நிமிடச் சோதனையில் தேறிவிட்டார் என்பதால் இழப்பில்லை என்று வாதாடுவதை எதிர்க்கிறோம். அதே அளவுக்கு, குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரின் வேலையைப் பறிப்பதையும், படகில் ஏற்ற மறுப்பதையும், பிள்ளையின் படிப்பை நிறுத்துவதையும், திருமணப் பேச்சில் அதை இழுப்பதையும் எதிர்க்கிறோம். முதற்கட்டச் சோதனை மேற்கொண்டு பார்க்க வேண்டியவர் யார் என்று மட்டுமே காட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வரிசைப்படுத்தும் 21 குறைபாடுகளில் விபத்து மூளைக்காயம் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. நீடித்த பாதிப்பு உள்ளவர்களுக்கு அந்த வாசலும் திறக்க வேண்டும்.

எங்கள் பொறுப்பு

அரசைக் கேட்பதோடு நாங்கள் நிற்கப்போவதில்லை. எச்சரிக்கைத் தாளைத் தயாரித்து, மருத்துவர்களிடம் சரிபார்த்து, மீமிசல் சுற்றுவட்டாரப் பள்ளிகள், மீனவர் சங்கங்கள், ஜமாத்துகள், கோயில் கமிட்டிகள் வழியாக வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்போம். ஆய்வுக்கு வரும் எந்த அரசு மருத்துவக் கல்லூரிக்கும் இந்த வட்டாரத்தில் மக்களைச் சந்திக்க உதவுவோம்; பங்கேற்பவரின் முழுச் சம்மதமும், அவர் விவரங்களின் இரகசியமும், முடிவுகளை முதலில் அவரிடமே சொல்லும் கடமையும் அதற்கான நிபந்தனைகள். ஹெல்மெட் போடச் சொல்லும் பிரச்சாரமும் தொடரும். படாத காயத்துக்குப் பரிசோதனை தேவையில்லை. பட்ட காயத்துக்கு, ஸ்கேன் தாளோடு பொறுப்பு முடிந்தது என்று யாரும் கைகழுவக் கூடாது என்பதே எங்கள் உறுதியான நிலைப்பாடு.