இலவச வகுப்பு வந்தாச்சு, மணல்தொட்டி என்னாகும்?

எங்கள் மகள் போகும் கூட்டுறவு நர்சரியில் போன மாதம் பெற்றோர் கூட்டம். இரவு ஏழரை மணி. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். பொருளாளர் வரவு செலவைத் திரையில் காட்டினார். அவரும் ஒரு குழந்தையின் அப்பாதான். பகலில் டேட்டாபேஸ் வேலை. நான்கு வயது வகுப்பில் பாதி இடம் காலி. அடுத்த வருடம் அந்த வகுப்பை நடத்துவதா, மூடுவதா என்று அடுத்த கூட்டத்தில் ஓட்டுப் போட வேண்டும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கலிஃபோர்னியாவில் 2025-26 கல்வியாண்டு முதல், செப்டம்பர் 1க்குள் நான்கு வயது முடியும் எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இலவச இடம் உண்டு. டிரான்சிஷனல் கிண்டர்கார்டன் என்பது அதன் பெயர், சுருக்கமாக டி.கே. 2021ல் போட்ட சட்டம், படிப்படியாக விரிந்து இப்போது முழுசாக வந்துவிட்டது. நல்ல திட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒரு வருட பிரிஸ்கூல் கட்டணம் மிச்சம் என்றால் அது சின்ன விஷயமா?

ஆனால் இந்த நல்லதுக்கு நடுவில் ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கூட்டுறவு நர்சரி என்றால் என்ன?

நம்மில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. நானும் இங்கே வந்து ஆறு வருடம் வரை கேள்விப்படவில்லை. இந்தப் பள்ளிக்கு முதலாளி கிடையாது. பெற்றோர்தான் நிர்வாகக் குழு. சம்பளத்துக்கு ஒரு ஆசிரியர் இருப்பார். மற்றபடி ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து வகுப்பில் வேலை பார்க்க வேண்டும். பெயின்ட் கலக்குவது, பழம் நறுக்குவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, கடைசியில் பெருக்குவது எல்லாம் நம் தலையில். தடுப்பூசிச் சான்றிதழ், காசநோய்ப் பரிசோதனை எல்லாம் கொடுத்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். மாதம் ஒரு கூட்டம், அதில் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு பாடமும் உண்டு.

1916ல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் சிலர் சேர்ந்து தொடங்கியது இந்த முறை. 1927ல் பெர்க்லியில் ஒன்று வந்தது. பிறகு கலிஃபோர்னியாவில் பல ஊர்களில், வயதுவந்தோர் கல்வித் துறையின் கீழேயே இவை நடந்தன. அதாவது பள்ளியில் மாணவர் குழந்தை மட்டும் இல்லை, அம்மா அப்பாவும்தான். 2009 நிதி நெருக்கடியில் அந்தத் துறையின் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று மாநிலம் அனுமதித்தது. அப்போது ஒரு அடி. இப்போது இது அடுத்த அடி.

மண்ணுல விளையாடவா டாலர்?

நாங்கள் சேர்த்த புதிதில் மதுரையிலிருந்து அம்மா வீடியோ காலில் கேட்டார்: "ஏன்டா, இத்தனை டாலர் கட்டி மண்ணுல விளையாடவா அனுப்பறே? இங்க எதிர்வீட்டுப் பையன் எல்.கே.ஜி.லயே ரெண்டு மொழி எழுதறான்." எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். பதில் வகுப்பில் நின்று பார்த்த பிறகுதான் கிடைத்தது.

என் முதல் முறை நாளில் என்னை மரக்கட்டை மூலையில் நிறுத்தினார்கள். அந்தக் கட்டைகளை உருவாக்கியவர் கரோலின் பிராட். 1914ல் நியூயார்க்கில் பள்ளி தொடங்கிய ஆசிரியை. ஒரு கட்டை, அதில் பாதி, அதைப் போல் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கணக்காக வெட்டியிருப்பார்கள். ஒரு பையன் பாலம் கட்டினான். நீளக்கட்டை தீர்ந்துவிட்டது. இரண்டு சின்னக் கட்டைகளை வைத்தான், நடுவில் விழுந்தது. கீழே ஒரு தூண் வைத்தான், நின்றது. பின்னத்தையும் பளு தாங்குவதையும் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்த நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையில், எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கை துறுதுறு என்றது, எடுத்துச் சரியாக வைத்துவிடலாமா என்று.

மணல்தொட்டியில் ஒரு நாள் ஒரே மண்வெட்டிக்கு இரண்டு பேர் சண்டை. நான் ஓடினேன். ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு பேர் பக்கத்திலும் குனிந்து, "மண்வெட்டி ஒண்ணு, ஆள் ரெண்டு. என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டார். அழுகை, கத்தல், கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ஒருத்தி, "நான் பத்து தடவை தோண்டறேன், நீ எண்ணு" என்றாள். எண்ணிக்கை, பொறுமை, பேச்சு, நியாயம் எல்லாம் அந்தப் பத்துத் தோண்டலில் இருந்தது. நான் தலையிட்டிருந்தால் ஒரு அழுகை நின்றிருக்கும், அவ்வளவுதான்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இது என் அனுபவம் மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். 1967ல் மிச்சிகனில் இப்சிலான்டி என்ற ஊரில் 68 ஏழைக் குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எழுத்தும் கணக்கும் நேரடிப் பாடம். மற்ற இரண்டிலும் குழந்தையே தேர்ந்தெடுக்கும் விளையாட்டுக்கு இடம் இருந்தது. அவர்களுக்கு 23 வயதானபோது பார்த்தால், நேரடிப் பாடம் படித்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு மனநலம் சார்ந்த சிகிச்சையோ உதவியோ தேவைப்பட்டிருந்தது. மற்ற பிரிவுகளில் அது 6 சதவீதம். எண்ணிக்கை சிறியது, அதனால் இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் 2022ல் வந்த டென்னசி ஆய்வு பெரியது. 2,990 குழந்தைகள். மாநில அரசின் இலவச பிரி-கே வகுப்பில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிட ஆறாம் வகுப்பில் தேர்வு மதிப்பெண்ணிலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தார்கள். இலவச வகுப்பு கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இடம் கொடுத்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அர்த்தம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018ல், மருத்துவர்கள் விளையாட்டையே மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்ற அளவுக்குப் போனது.

இழப்பு யாருக்கு?

டி.கே.யில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் இருப்பார். எங்கள் நர்சரியில் நான்கைந்து பேருக்கு ஒருவர், காரணம் நாங்களே நிற்கிறோம். எண்ணிக்கையை விடுங்கள். நம்மைப் போல் புலம்பெயர்ந்தவர்களுக்கு இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

ஊரில் என்றால் பாட்டி இருப்பார், அத்தை இருப்பார், தெருவே இருக்கும். இங்கே அப்பார்ட்மென்ட் கதவைச் சாத்தினால் நாமும் யூடியூபும்தான். என் மனைவி எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் மூன்று வருடம் வீட்டில் இருந்தார். நர்சரியில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு ஒரு ஊர் கிடைத்தது. மெக்சிகோக்காரர், சீனாக்காரர், இங்கேயே பிறந்தவர் எல்லோருடனும் சேர்ந்து பெருக்கித் துடைத்து, சண்டையும் போட்டு, இன்று சேர்க்கைக் குழுவை நடத்துகிறார். அரசுப் பள்ளி வாசலில் குழந்தையை இறக்கிவிட்டுத் திரும்பும் ஐந்து நிமிடத்தில் இது நடக்காது.

ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், நீங்க எண்ணக் கத்துக்கிட்டது எங்கே என்று. "பல்லாங்குழியிலதான், புளியங்கொட்டையை வச்சு" என்றார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கூட்டாஞ்சோறு ஆக்கியதையும் சொன்னார். கூட்டுறவு நர்சரியும் அதேதான் என்றேன். "அப்படின்னா சரி" என்றார். அதற்கப்புறம் அந்த எல்.கே.ஜி. பையனின் பேச்சு வரவில்லை.

என்ன செய்யலாம்?

டி.கே. பணம் பள்ளி மாவட்டங்களுக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும்தான் போகிறது. நியூயார்க் நகரம் 2014ல் நான்கு வயதினருக்கு இலவச வகுப்பை விரித்தபோது, பள்ளிக்கு வெளியே இருந்த சமூக மையங்களுக்கும் பணம் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டது. கலிஃபோர்னியாவும் அப்படிச் செய்யலாம். நம்மில் ஓட்டுரிமை உள்ளவர்கள் இதை சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். ஓட்டு இல்லாதவர்களும் பள்ளி மாவட்டக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், அதற்குக் குடியுரிமை தேவையில்லை.

டி.கே.யில் சேர்ப்பவர்கள் மூன்றைக் கேளுங்கள். குழந்தை தானே தேர்ந்தெடுத்து விளையாட ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? வெளியில் எவ்வளவு நேரம்? பெற்றோர் வகுப்பில் வந்து நிற்கலாமா? 'ஏ பி சி டி எப்போ எழுதுவான்' என்பதை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கதையையும் மறைக்கக்கூடாது. மகளுக்கு மே மாதம் நான்கு வயது. டி.கே. கட்டாயமில்லை, இந்த மாநிலத்தில் ஆறு வயதிலிருந்துதான் படிப்பு கட்டாயம். ஒரு சம்பளக் குடும்பம், வாடகை வேறு ஏறிவிட்டது. இலவசத்தை விடுவது முட்டாள்தனமா என்று இரண்டு இரவு கணக்குப் போட்டோம். இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருப்பது என்று முடிவு. இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தால் எங்கள் முடிவும் மாறியிருக்கும், அதனால் டி.கே.க்குப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த வாரம் ஓட்டு. மூன்று வயதையும் நான்கு வயதையும் ஒரே வகுப்பாக்கி நடத்தலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. நான் அதற்குத்தான் கை தூக்கப் போகிறேன். அது தோற்றால் நான்கு வயது வகுப்பு மூடப்படும், நாங்களும் டி.கே. விண்ணப்பத்தைத்தான் நிரப்ப வேண்டும். ஜெயித்தால் பெருக்கும் முறை இரண்டு மடங்காகும். பரவாயில்லை, பெருக்கிக்கொள்ளலாம்.