காயலோரத்து மனையும் நாம் கேட்க வேண்டிய அனுமதியும்



வீடு அல்லாஹ்வின் அருட்கொடைகளுள் ஒன்று. மனிதர்கள் அமைதி பெறும் இடமாக வீடுகளை ஆக்கியிருப்பதை இறைவன் தன் திருமறையில் நினைவூட்டுகின்றான். அந்த அருட்கொடையைத் தேடும் அவசரத்தில், கடலோர ஊர்களில் வாழும் நாம் ஒரு கேள்வியைத் தள்ளிப் போடுகிறோம். சதுப்பிலும் உப்பங்கழியோரத்திலும் மனை வாங்கி வீடு எழுப்பும் முன், அனுமதி கேட்பது வெறும் அலுவலகச் சடங்கா, அல்லது மார்க்கத்தின் பார்வையிலும் கடமையா?

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என நம் பழைய ஊர்கள் பலவும் கடலையும் கழிமுகத்தையும் ஒட்டியே வளர்ந்தவை. காயல்பட்டினத்தின் பெயரிலேயே காயல் இருக்கின்றது. நீரை நம்பி வாழ்ந்த நம் முன்னோர் எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதை அனுபவத்தால் அறிந்து வைத்திருந்தனர். இன்று மனையின் விலை ஏறிவிட்டது. ஊருக்குள் இடம் இல்லை. பெண்மக்களுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில், ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்ற சுமை வாப்பாமார்களின் தோளில் ஏறி நிற்கின்றது. வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்திற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஊரின் ஓரத்து மலிவான மனைதான். அது ஏன் மலிவாகக் கிடைக்கின்றது என்று யாரும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது?

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991இல் முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. அதன் இடத்தில் 2011இலும் பின்னர் 2019இலும் புதிய அறிவிக்கைகள் வந்தன. பேரலை ஏற்ற எல்லையிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையும், கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகங்களின் கரையோரமும் இவற்றின் வரம்புக்குள் வருகின்றன. அலையாத்திக் காடு, உவர்ச் சதுப்பு, சேற்றுப் படுகை, மணற்குன்று, ஆமைகள் முட்டையிடும் கரை ஆகியவை முதல் வகையைச் சேர்ந்தவை. அங்கே வீடு கட்டுவதற்கு வழியில்லை. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்பு எல்லையும் உண்டு. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகரப் பகுதிகள் இரண்டாம் வகை. ஊரகப் பகுதிகள் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையில் 200 மீட்டர் வரை கட்டுமானம் இல்லாப் பகுதியாக வைக்கப்பட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகங்களுக்கு 2019 அறிவிக்கை அதனை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அந்தச் சலுகை, புதிய அறிவிக்கையின்படி வரையப்பட்ட கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெற்ற இடங்களுக்கே பொருந்தும். ஆகவே தம் மாவட்டத்தில் எந்த வரைபடம் நடைமுறையில் உள்ளது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

இங்கே நம் குடும்பங்கள் பலவும் இடறும் இடம் ஒன்று உண்டு. பட்டா கையில் இருந்தால் போதும் என்று நினைக்கின்றோம். பட்டா நிலம் யாருடையது என்பதைச் சொல்லும். அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாது. பத்திரம் பதிவாகிவிட்டது, மின் இணைப்பு கிடைத்துவிட்டது, வீட்டு வரி ரசீதும் வந்துவிட்டது என்பவையும் கட்டட அனுமதி ஆகிவிடா.

கேரளத்தின் மரடு இதற்குக் கசப்பான சாட்சி. கொச்சியின் காயலோரத்தில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு 2006இல் உள்ளூர் ஊராட்சி அனுமதி கொடுத்திருந்தது. கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரண்டு நாட்களில் நான்கு குடியிருப்பு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 300க்கும் மேற்பட்ட வீடுகள் மண்ணாயின. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் குடியிருந்த வீடு திரும்ப வரவில்லை. கையில் அனுமதிச் சீட்டு இருந்தும், கேட்க வேண்டிய இடத்தில் கேளாத அனுமதியால் வந்த இழப்பு அது.

மார்க்கம் என்ன சொல்கின்றது?

“நிலம் அல்லாஹ்வுடையது, அதனைப் பண்படுத்துபவனுக்கு உரிமை உண்டு, இடையில் அரசாங்கம் யார்?” என்று கேட்கும் சகோதரர்கள் உள்ளனர். இறந்த நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கு அது உரியது என்னும் கருத்தில் வந்துள்ள நபிமொழியை அவர்கள் ஆதாரமாகக் கொள்கின்றனர். நபிமொழி உண்மை. ஆனால் அதனை அறிஞர்கள் எவ்வாறு விளங்கிக் கொண்டனர் என்பதையும் பார்க்க வேண்டும். அவ்வாறு உயிர்ப்பிப்பதற்கு ஆட்சியாளரின் அனுமதி தேவை என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தேவையில்லை என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). ஆனால் எவருக்கும் பயன்படாத தரிசு நிலத்தைப் பற்றியதே இந்தக் கருத்து வேறுபாடு. ஊரார் பொதுவில் பயன்பெறும் இடம் இந்தச் சட்டத்திற்குள் வராது. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் குடியிருப்புக்கும் ‘ஹரீம்’ எனப்படும் சுற்றெல்லை உண்டு என்றும், அதனைத் தனியொருவர் தமதாக்கிக் கொள்ளலாகாது என்றும் ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. நீர்நிலையைச் சுற்றி எல்லை வகுப்பது நேற்று வந்த அரசாணையின் கண்டுபிடிப்பு அன்று. நம் சட்ட மரபு அதனை நெடுங்காலமாக அறியும்.

அப்யள் பின் ஹம்மால் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இவ்விடத்தில் சிந்திக்கத் தக்கது. மஃரிபில் உள்ள உப்பு நிலத்தைத் தமக்குத் தருமாறு அவர்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அது வற்றாத நீரைப் போன்று எல்லோரும் எடுத்துப் பயன்பெறும் இடம் என்று ஒருவர் எடுத்துச் சொன்னபோது, கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அல்லாஹ்வின் தூதரே வழங்கிய அனுமதி, பொதுமக்களின் பயன் தெரிய வந்தபோது மாற்றப்பட்டது. ஓர் அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு இட்ட கையொப்பம் அதனைவிட உறுதியானதா?

சதுப்பு நிலம் பயனற்ற நிலம் அன்று. பெருமழையின் நீரை முதலில் வாங்கிக் கொள்வது அதுவே. மீனும் இறாலும் குஞ்சு வளர்ப்பது அங்கேதான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்களில் சேதம் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும் காப்பாற்றியதில் பங்கு கொண்டன என்று வாதிட்டவர்களும் உண்டு. இரண்டில் எதை ஏற்றாலும் வீடு கட்டுபவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: அலைக்கு அருகில், தாழ்ந்த இடத்தில், காட்டை வெட்டிவிட்டுக் கட்டாதே.

ஒருவர் தம் மனையை நான்கடி மண்ணிட்டு உயர்த்தினால், அங்கே தேங்க வேண்டிய நீர் பக்கத்து வீட்டு முற்றத்திற்குச் செல்லும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்தில் கழிவுநீர்த் தொட்டி நன்கு வேலை செய்யாது; அழுக்கு கிணற்றிலும் காயலிலும் கலக்கும். உவர் மண்ணின் ஈரம் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். இளகிய களி இறங்கும்போது சுவர் வெடிக்கும். பிறருக்குத் தீங்கு செய்வதும், தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. “என் இடம், என் பணம்” என்பவர், புகாரியில் வரும் கப்பல் உவமையை எண்ணிப் பார்க்கட்டும். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள், மேலே இருப்பவர்களுக்குத் தொல்லை தராமல் தங்கள் பங்கில் துளையிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொள்ள நினைத்தார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கப்பலை அறிந்த கடற்கரை மக்களாகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அனுமதியை எப்படிப் பெறுகின்றோம் என்பதும் முக்கியம். மக்களின் பொருளை அநியாயமாக உண்பதற்காக அதிகாரிகளிடம் பணத்தைக் கொண்டு செல்வதைத் திருமறை தடுக்கின்றது. ‘கவனித்து’ப் பெற்ற அனுமதியும், சதுப்பைத் தரிசு என்று எழுதிப் பெற்ற அனுமதியும் நீதிமன்றத்தில் ஒருவேளை தப்பலாம், மறுமையில் தப்பாது. அந்த வீட்டில் ஓதப்படும் மவ்லிதும் யாசீனும் அதன் அடித்தளத்தைத் தூய்மையாக்கிவிடுமா என்று நாமே நம்மைக் கேட்டுக் கொள்வோம்.

ஏழைக்கு ஒரு சட்டமா?

நியாயமான ஒரு குறையை மறுப்பதற்கில்லை. கரையோரத்தில் ஓலைக் கூரையை ஓடாக மாற்றும் மீனவக் குடும்பத்திற்கு உடனே நோட்டீஸ் வருகின்றது. கழிமுகத்தை மறித்து எழும் விடுதிகளுக்கு வருவதில்லை. இந்தப் பாகுபாடு அநீதி. அதனை எதிர்த்துப் பேச வேண்டும். ஆனால் பெரியவர் விதியை மீறுகிறார் என்பது சிறியவரும் மீறுவதற்கு உரிமை ஆகாது. மேலும், தலைமுறை தலைமுறையாகக் கரையில் வாழும் மீனவர்களுக்கும் பாரம்பரியக் குடிகளுக்கும் சட்டமே சில சலுகைகளைத் தருகின்றது. மூன்றாம் வகைப் பகுதியில் அவர்கள் குடியிருப்புகளைக் கட்டவும் புதுப்பிக்கவும் தனி விதிகள் உள்ளன. சொந்தக் குடியிருப்புக்காக 300 சதுர மீட்டர் வரை கட்டப்படும் வீட்டுக்கு, இடம் அனுமதிக்கத் தக்க பகுதியில் இருந்தால், மாநில ஆணையம் வரை செல்லாமல் உள்ளாட்சி அமைப்பே ஒப்புதல் வழங்க 2019 அறிவிக்கை இடம் தருகின்றது. கேட்கத் தெரியாததால் உரிமையை இழப்பவர்களே நம்மில் மிகுதி.

இங்கேதான் ஜமாஅத்துகளின் பொறுப்பு தொடங்குகின்றது. ஆழிப்பேரலையின்போது மதம் பாராமல் மீனவக் குப்பங்களுக்கு உணவும் புகலிடமும் தந்த பரங்கிப்பேட்டை ஜமாஅத்தின் பணியை நாடு அறியும். பேரிடருக்குப் பின் காட்டிய அந்த அக்கறையைப் பேரிடருக்கு முன்பும் காட்டலாம் அல்லவா? ஊரின் கடலோர மேலாண்மை வரைபடத்தின் நகல் ஒன்றை ஜமாஅத் அலுவலகத்தில் வைக்கலாம். மனை வாங்க எண்ணுபவர் சர்வே எண்ணைச் சொன்னால், அது எந்த வகையில் வருகின்றது என்று பார்த்துச் சொல்லப் படித்த இளைஞர் இருவரை நியமிக்கலாம். பள்ளிவாசல் பலகையில் மனை விளம்பரம் இடும் முன் இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கலாம். ஏழைக் குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, தேவைப்படுவோருக்குக் கர்ழன் ஹஸனாவாக அழகிய கடன் வழங்கலாம்.

இவற்றைவிடக் கடினமான ஒரு மாற்றமும் உண்டு. மகளுக்குத் தனி வீடு இருந்தால்தான் சம்பந்தம் என்ற எதிர்பார்ப்பை மாப்பிள்ளை வீட்டார் கைவிட வேண்டும். வீடு கொடுத்து மணம் முடிப்பதை மார்க்கம் பெண்ணைப் பெற்றவர்மீது சுமத்தவில்லை. இருப்பிடம் தரும் பொறுப்பு கணவருடையது. இருக்கும் வீட்டின்மீது ஒரு மாடி எழுப்பினாலும், முறையாகப் பாகம் பிரித்த கூட்டு வீட்டில் வாழ்ந்தாலும் கண்ணியம் குறைந்துவிடாது. ஒவ்வொரு நிக்காஹ்வும் ஒரு புதிய மனையைக் கேட்கும் வரை, காயலின் கரை உள்ளே நகர்ந்து கொண்டேதான் இருக்கும்.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! பிறர் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் ஏழு நிலங்களின் சுமை கழுத்தில் மாலையாக இடப்படும் என்ற எச்சரிக்கையை நாம் அறிவோம். சதுப்பு நிலத்தில் ஊராருக்கும், மீனவருக்கும், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் பங்குண்டு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். அனுமதி கிடைக்கும் இடமாக இருந்தால் முறையாகக் கேளுங்கள். கிடைக்காத இடமாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அல்லாஹ்வுக்காக ஒன்றை விடுபவருக்கு அவன் அதைவிடச் சிறந்ததைத் தருவான்.

ஹலாலான நிலத்தில், அண்டை வீட்டாரின் துஆவோடு எழும் இல்லங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.