'ஆம்' என்று கத்தினால் சட்டமா? மாநிலங்களவையில் அந்த ஞாயிறு நடந்தது என்ன?

2020 செப்டம்பர் 20. ஞாயிற்றுக்கிழமை. கொரோனா காலம் என்பதால் மாநிலங்களவை எம்.பி.க்கள் இரு அவைகளிலும் கேலரிகளிலும் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். மதியம் 1 மணிக்கு அவை முடிய வேண்டும். ஆனால், வேளாண் மசோதாக்கள் இரண்டு இன்னும் பாக்கி.

'நேரத்தை நீட்டிக்க வேண்டாம், அமைச்சர் நாளைக்குப் பதில் சொல்லட்டும்' என்றது எதிர்க்கட்சி. அவையை நடத்திக்கொண்டிருந்த துணைத் தலைவர் ஹரிவன்ஷ், தொடர்ந்து நடத்தினார். அங்கே ஆரம்பித்ததுதான் ரகளை. டெரெக் ஓ பிரையன் விதிப் புத்தகத்தோடு மேடையருகே போனார், மைக்குகள் பிடுங்கப்பட்டன, நேரலையில் சத்தம் கட் ஆனது. டிவியில் நாம் பார்த்தது இவ்வளவுதான். உண்மையான பிரச்சினை வேறு.

அது 'டிவிஷன்'. பொதுவாக மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறும். 'ஆம்' சத்தம் அதிகமா, 'இல்லை' சத்தம் அதிகமா என்று இருக்கையில் இருப்பவர் முடிவு சொல்வார். அந்த முடிவை ஒரே ஒரு உறுப்பினர் ஏற்காமல் டிவிஷன் கேட்டாலும், ஓட்டை எண்ண வேண்டும் என்பதுதான் அவையின் நடைமுறை. அன்று மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய திமுகவின் திருச்சி சிவாவும், சிபிஎம்மின் கே.கே.ராகேஷும் டிவிஷன் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

ஹரிவன்ஷ் தரப்பு விளக்கம்: டிவிஷன் கேட்பவர் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும், அவையில் ஒழுங்கும் இருக்க வேண்டும். ஆனால், இருவரும் இருக்கையில் இருந்தே கேட்டது வீடியோவில் தெரிகிறது என்று பிறகு செய்திகள் வந்தன. 'எப்படியும் பெரும்பான்மை எங்களுக்குத்தானே' என்றது அரசு. இருக்கலாம். அப்படியென்றால் எண்ணிக் காட்டுவதில் என்ன சிக்கல்?

சரி, எண்ணினால் நமக்கு என்ன லாபம்? குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்று பதிவே இருக்காது. டிவிஷனில் ஒவ்வொரு எம்.பி.யின் ஓட்டும் பெயரோடு பதிவாகும். நம்ம ஊர் உதாரணமே இருக்கு. மக்களவையில் இந்த மசோதாக்களை ஆதரித்தது அதிமுக. மாநிலங்களவையில் அதே கட்சியின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியன் எழுந்து விமர்சித்துப் பேசினார். பேச்சு அவைக் குறிப்பில் இருக்கிறது. கட்சியின் ஓட்டு? அது எங்கேயும் இல்லை. பேச்சில் விவசாயி பக்கம், ஓட்டில் அரசு பக்கம் என்று ஒரு எம்.பி. நின்றிருந்தால்கூட, தஞ்சாவூர்க்காரரோ பஞ்சாப்காரரோ அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மறுநாள் 8 எம்.பி.க்கள் சஸ்பெண்ட். ஹரிவன்ஷ் மீது 12 கட்சிகள் கொடுத்த நம்பிக்கையில்லா நோட்டீஸை வெங்கய்ய நாயுடு நிராகரித்தார். சஸ்பெண்ட் ஆனவர்கள் காந்தி சிலை அருகே இரவு முழுக்கப் படுத்திருக்க, காலையில் ஹரிவன்ஷே டீ கொண்டுபோனார். அவர்கள் குடிக்கவில்லை. (அந்த டீதான் அன்றைக்கு டிரெண்டிங். டிவிஷனைப் பற்றி யாரும் பேசவில்லை.)

செப்டம்பரிலேயே குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்தது. அதன்பின் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேல் போராட்டம். 2021 நவம்பர் 29-ல் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா, விவாதமே இல்லாமல் ஒரே நாளில் இரு அவைகளிலும் நிறைவேறியது. அதுவும் குரல் வாக்கெடுப்பில்தான்.