பிரான்சிலிருந்து வந்த இஸ்திரிப் பெட்டி

நீங்கள் வில்லியனூரிலோ பாகூரிலோ வசிப்பவராக இருந்தால், பிரான்சில் உறவினர் உள்ள ஒரு வீட்டையேனும் அறிந்திருப்பீர்கள். புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-இல் அந்த மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றபோது, பல குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், அங்கே பள்ளி விடுமுறை விட்டதும், ஊருக்கு வருகிறார்கள். பெட்டியைத் திறந்தால் மேலே சாக்லேட்டும் சென்ட்டும் இருக்கும். அடியில், துணி சுற்றி, ஓர் இஸ்திரிப் பெட்டியோ காபி போடும் இயந்திரமோ இருக்கும்.

உடனே வீட்டில் ஒரு கேள்வி எழும்: "நம்ம கரண்டுக்கு இது ஓடுமா, சித்தப்பா?" நல்ல கேள்விதான். ஆனால் அது போதாது என்பது என் கட்சி. பிரான்சிலிருந்து வரும் பொருளைப் பொறுத்தவரை, அது நன்றாக ஓடிவிடுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில், ஓடக்கூடாத பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கிருந்து 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று வருகிறது. வகுப்பில் படித்த சூத்திரத்தின்படி அதன் மின்தடை 14.4 ஓம். அதை நம் வீட்டில் செருகினால் ஏறத்தாழ 16 ஆம்பியர் பாயும். திறன் 3,670 வாட்டைத் தொடும். வோல்ட் இரு மடங்குகூட ஆகவில்லை, வெப்பமோ மூன்றரை மடங்குக்கு மேல்! கம்பிச்சுருள் கருகிவிடும். இதற்காக டிரான்ஸ்பார்மர் பெட்டி வாங்குபவர்கள் உண்டு. அது வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின் அலைகளை எண்ணி மணி காட்டும் அமெரிக்கக் கடிகாரம் ஒன்றை அதில் மாட்டினால், ஒரு மணி நேரத்தில் அது 50 நிமிடம்தான் நகரும்.

சவூதி அரேபியாவிலிருந்து வரும் பொருள்களில் இந்த ஹெர்ட்ஸ் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வோல்ட் 220 அல்லது 230 என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறோம். ஆனால் அங்கே 60 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்த குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் இங்கே மெதுவாகச் சுழலும், அதிகமாகச் சூடேறும். குவைத், அமீரகம், சிங்கப்பூர் எல்லாம் 50 ஹெர்ட்ஸ். அங்கே பிளக்கின் உருவம்தான் வேறு.

சரி, பிரான்சுக்கு வருவோம். அங்கும் ஒரு காலத்தில் 110, 127 வோல்ட் மின்சாரம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் படிப்படியாக 220-க்கு மாறினார்கள். ஆகவே தாத்தா காலத்து பிரெஞ்சு வானொலி பரண்மேல் இருந்தால், அதன் பின்புறத் தகட்டைப் படிக்காமல் தொடாதீர்கள். இன்று அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்முடையதும் அதுவே.

பிளக்கைக் கவனியுங்கள். இரண்டு உருண்டை முனைகள். மூன்றாவது முனை இல்லை. அதற்குப் பதில் ஒரு துளை இருக்கும். பிரான்சில் எர்த் முனை, அதாவது புவி இணைப்பு, சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது இந்தத் துளைக்குள் நுழையும். நம் ஊரில் நேர்மாறு: நீட்டிக்கொண்டிருப்பது பிளக்கின் எர்த் முனை. இரு நாட்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர்தான். அதனால் பிரெஞ்சு பிளக் நம் சிறிய சாக்கெட்டில் அழகாக நுழைந்துவிடுகிறது! துளைக்கு மூடி இருந்தால், எர்த் துளையில் குச்சியை விட்டு நெம்பித் திறப்பவர்களையும் நீங்கள் பார்த்திருக்கலாம். பெட்டி சூடாகிறது, துணி தேய்கிறது, எல்லாரும் மகிழ்கிறார்கள். எர்த் மட்டும் எங்கும் தொடவில்லை.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு முனையின் குறுக்களவு 4.8 மில்லிமீட்டர், நம்முடையது ஏறத்தாழ 5.1. அந்தச் சிறு இடைவெளியால் பிளக் தளர்ந்து ஆடும். ஆடும் இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும்.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்? உள்ளே ஒரு கம்பியின் உறை கிழிந்து, அது உலோக உடலைத் தொட்டது என்று வையுங்கள். எர்த் இருந்தால் மிகுந்த மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். இல்லாவிட்டால் ஃபியூஸ் அப்படியே இருக்கும். இஸ்திரிப் பெட்டியின் உடல் 230 வோல்ட்டில் காத்திருக்கும், யாராவது ஈரக் காலுடன் வந்து தொடும்வரை. ஓர் ஆளைக் கொல்லச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். ஆம்பியர் கணக்கில் உருகும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஃபியூஸ் காப்பது கம்பியைத்தான், ஆளை அல்ல.

பிரான்சு வீடுகளில் இதற்கென்றே ஒரு சுவிட்சு வைத்திருக்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆக, அந்த இஸ்திரிப் பெட்டியை அங்கே பத்திரமாக வைத்திருந்தது அந்த வீடு. பெட்டி விமானம் ஏறி வந்துவிட்டது, வீடு வரவில்லை. அந்தச் சுவிட்சு இங்கும் கடைகளில் கிடைக்கிறது. ஒரு மிக்சியின் விலைக்குள் அடங்கும். குளிரூட்டி வாங்கும் வீடுகூட இதை வீண் செலவு என்று ஒதுக்குவது எனக்கு விளங்கவில்லை. பல வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. கம்பி இருந்தாலும் கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். அதில் தண்ணீர் ஊற்றுவோர் எத்தனை பேர்?

எல்லாப் பொருளுக்கும் எர்த் வேண்டும் என்பதில்லை. அடிப்பகுதித் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால், அது இரட்டை உறையிட்ட பொருள், எர்த் தேவையில்லை. தலைமுடி உலர்த்தும் கருவி பெரும்பாலும் இந்த வகைதான். செல்பேசி சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் கவலையே வேண்டாம். உலோக உடல் கொண்ட இஸ்திரிப் பெட்டி, கெட்டில், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றில் அந்தச் சதுரம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எர்த் கட்டாயம். தகட்டைப் படிக்கப் பெரியவர்களுக்குக் கண் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும்.

கடையில் விற்கும் இரண்டு முனை அடாப்டரை வாங்காதீர்கள். அதிலும் எர்த் கிடையாது. பிளக்கையே மாற்றுவதுதான் சரி. அதை நீங்கள் செய்ய வேண்டாம், ஒயர்மேனை அழையுங்கள். அவர் உறையைச் சீவியதும் மூன்று கம்பிகள் தெரியும். பழுப்பு மின்சாரம் வரும் கம்பி, நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கோடிட்டது எர்த். அவசரத்தில் அவர் மூன்றாவதை நறுக்கிவிட்டு இரண்டை மட்டும் முறுக்கப் போனால், பக்கத்தில் நின்று மரியாதையாகவே சொல்லுங்கள்: "அண்ணே, அதையும் மாட்டிடுங்க."