குழந்தையின் காதுவலி

தறியோசை ஓயாத இல்லங்களில் குழந்தையின் செவி மந்தமாவது எளிதில் புலப்படுவதில்லை. சளி பிடித்த சில நாட்களில் கைக்குழந்தை காய்ச்சலுடன் காதைப் பிடித்திழுத்து, படுக்க வைத்ததும் வீறிட்டழுது, பாலையும் மறுத்தால் நடுச்செவியில் சீழ் கோத்திருக்கலாம். பல் முளைக்கிறதென்று வாளாவிருத்தல் கூடாது. தொண்டையிலிருந்து செவிக்குச் செல்லும் குழல் மழலையர்க்குக் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் நோய் விரைவில் ஏறிவிடுகிறது.

எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றும் வழக்கத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம். செவிப்பறை கிழிந்திருப்பின் எண்ணெய் உட்சென்று கேடு செய்யும். சீழ் வடிந்ததும் வலி தணிவதைக் குணமென்று கொள்வோர் பலர். பெரும்பாலும் அது பறை கிழிந்ததன் அடையாளமே. ஒரு நாள் கூலி போகிறதே என்று தயங்கும் அங்கத்தினர்கள் மருத்துவரிடம் காட்டுவதை ஒத்திப்போட வேண்டாம். அழைத்தும் திரும்பாத பிள்ளையைப் பிடிவாதக்காரனென்று அடிக்குமுன் அவன் காதைச் சோதிக்கச் செய்யுங்கள்.